பழைய வீடு வாங்கப் போகிறீர்களா?

கும்பகோணத்தில் திண்ணை வைத்த வீடு ஒன்று மலிவாக வருகிறது என்று தரகர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டணத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு! என் வீட்டுக்காரரோ, "ஒட்டடை அடிக்கிறது யார்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இருந்தாலும் போய்ப் பார்த்தோம்.

நீங்களும் இப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் அண்ணாந்து பாருங்கள். ஓடு உடைந்திருந்தால் பாதகமில்லை, மாற்றிவிடலாம். உத்திரத்தின் நடுப்பகுதி பளபளவென்றிருக்கும். அதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள்! சுவருக்குள் புதைந்திருக்கிறதே, அந்த முனையில்தான் ஈரமும் கறையானும் குடித்தனம் செய்யும். ஒரு திருப்புளியால் அங்கே குத்திப் பாருங்கள். 'டக்'கென்று நின்றால் சரி. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தரகர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டுமே!

அடுத்தது சுவர். அந்தக் காலத்துச் சுவரில் செங்கல்லைப் பிடித்து நிற்பது சுண்ணாம்புச் சாந்து. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். பின்னால் வந்த யாரோ அழகாயிருக்கட்டும் என்று அதன்மேல் சிமெண்டைப் பூசினால் வந்தது வினை. ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லையே தின்றுவிடும். நாங்கள் பார்த்த வீட்டில் கூடத்துச் சுவருக்கு இடுப்பளவு சிமெண்ட். அதற்குச் சற்று மேலே விரலால் தொட்டால் செங்கல் மாவாய்க் கொட்டிற்று. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்குள் உங்களுக்கு இரண்டு நரை கூடும்.

சமையலறைக்கு மேலே மட்டும் மெட்ராஸ் டெரஸ். மரச் சட்டங்களின்மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்த தளம். அதன் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றி வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்!

இதெல்லாம் பணம் போட்டால் சரியாகிற சங்கதி. நான் தயங்கியது பத்திரத்தில். மூன்று அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போடத் தயாராயிருந்தார்கள். வில்லங்கச் சான்றும் சுத்தம்.

"பெண் குழந்தை கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஒரு தங்கச்சி மும்பையிலே இருக்காங்க. கட்டிக் கொடுத்தாச்சு. அவங்களுக்கு இதிலே என்னம்மா?" என்றார் தரகர்.

என்னவா? பிதிரார்ஜித சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்துவிட்டது. மணமாகாத பெண்களுக்கு அந்த உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் 2020-ல் சொல்லிவிட்டது. முன்பே முறைப்படி பாகம் பிரிந்திருந்தால் வேறு விஷயம். இங்கே பாகமே பிரியவில்லை. அந்த அம்மாளின் கையெழுத்தில்லாமல் முன்பணம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரமே அந்த மாமி வந்து இறங்கினார். நேரே கொல்லைக்குப் போய், கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் காலில் விட்டுக்கொண்டார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேடா!" என்று அண்ணன் தம்பிகளைக் கேட்டபோது மூவரும் முற்றத்தைப் பார்த்தார்கள்.

பிறகு என்னிடம், "நீங்க வீட்டை இடிக்கப் போறேளா?" என்றார்.

"இல்லை மாமி, சரி பண்ணத்தான்."

"எவ்வளவு ஆகும்?"

உத்திரம், சுவர், ஓடு என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமி அத்தனையையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மற்றவர்கள் பங்கை அவரே விலைக்கு வாங்கிவிட்டார்! கொத்தனாரின் விலாசத்தையும் என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பரம சந்தோஷம். தரகர் மட்டும் இப்போது நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.