காற்றைக் கூட்டினால் கணக்கும் மாறும்

பெட்ரோல் எஞ்சினின் வலிமைக்கு எல்லை வகுப்பது அதற்குள் செல்லும் காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அதை எரிக்க வேண்டிய ஆக்சிஜனோ, வளிமண்டல அழுத்தத்தில் சிலிண்டர் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றில் உள்ள அளவுக்கு மேல் கிடைக்காது. இந்த எல்லையைத் தாண்டுவதற்காக, கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் சுழற்றப்பட்டு, காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் கருவியே சூப்பர்சார்ஜர்; எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையால் சுழலும் டர்போவிலிருந்து அது வேறுபடுவது இவ்விடத்தில்தான். இன்றும் பரவலாக உள்ள ஒரு வகைக்கு மூலம், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி. அப்போது மோட்டார் காரே பிறந்திருக்கவில்லை.

ரூட்ஸ் வகையைச் சேர்ந்த ஈட்டன் எம்45 என்னும் சூப்பர்சார்ஜர், 2000களின் முற்பாதியில் விற்பனையான மினி கூப்பர் எஸ் கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்ததால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டுகளில் அது எளிதில் கிடைக்கிறது. அதைக் கழற்றி, 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் பொருத்துவது வீட்டு கராஜில் வேலை செய்பவர்களிடையே வழக்கமான ஒரு முயற்சி. பெயரில் உள்ள 45 என்பது, கருவி ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றைக் கன அங்குலத்தில் குறிப்பது. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.74. எஞ்சின் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 0.8 லிட்டர் காற்றையே எடுத்துக்கொள்ள முடியும் என்னும்போது, புல்லிகளின் அளவைக் கொண்டு சூப்பர்சார்ஜரை இரு மடங்கு வேகத்தில் சுழலச் செய்தால், 0.8 லிட்டருக்கான இடத்தில் 1.5 லிட்டருக்கு நெருக்கமான காற்று வந்து மோதி அழுத்தமாக மாறுகிறது. தாங்கியை வெல்டிங் செய்து, பெல்ட்டை நேர்க்கோட்டில் ஓடவைத்து, குழாய்களை இணைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும் வேலை முடிந்துவிடும். எஞ்சின் பிழைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

இந்தக் காரின் தொழிற்சாலைக் கணினி, உள்ளே வரும் காற்றை ஒரு மடலைக் கொண்டு அளக்கிறது. காற்றின் ஓட்டம் கூடக்கூட ஸ்பிரிங்கை எதிர்த்து மடல் திறக்க, அதன் கோணத்திற்கேற்ற மின்னழுத்தத்தைக் கணினி படித்து, இன்ஜெக்டர்களை எத்தனை மில்லிவினாடி திறப்பது என முடிவு செய்கிறது. சூப்பர்சார்ஜர் பொருத்திய பிறகு மடல் முழுவதும் திறந்துவிட்ட நிலையிலும் காற்று மேலும் கூடிக்கொண்டே போகும். கணினிக்கோ அந்தக் கூடுதல் தெரியாது. ஒரு காலத்தில் இதற்குக் கண்ட குறுக்குவழி, காற்றழுத்தம் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும் சிறப்பு ரெகுலேட்டர். ஆனால் இன்ஜெக்டர் வழியாகப் பாயும் பெட்ரோல், அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கேற்பவே கூடும் என்பதால், பாய்ச்சலை இரு மடங்காக்க 3 பார் அழுத்தத்தை 12 பாராக உயர்த்த வேண்டியிருக்கும். காரில் உள்ள பெட்ரோல் பம்ப் அதைத் தாங்காது. மிகக் குறைந்த அழுத்தத்தோடு நிறைவு கொள்பவர்களுக்கு அன்றி வேறெவருக்கும் இந்த முறையை இன்று பரிந்துரைப்பதற்கில்லை.

ஆகவே கணினியையே மாற்றுவது வழக்கமாயிற்று. புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய மெகாஸ்குர்ட், ஆர்வலர்கள் தாங்களே சால்டரிங் செய்து கட்டிக்கொள்ளக்கூடிய எஞ்சின் கணினியாக வெளிவந்து, விலை மிகுந்த போட்டிக்காரர்களின் கருவிகளுக்கு மாற்றாக நிலைத்தது. இத்தகைய கணினி காற்றை நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம், காற்றின் வெப்பநிலை, எஞ்சினின் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று கணிக்கிறது. சிலிண்டரின் கொள்ளளவில் உண்மையில் எத்தனை விழுக்காடு நிரம்புகிறது என்பது வேகத்துக்கு வேகம் மாறுவதால், ஒரு பக்கம் வேகமும் மறுபக்கம் அழுத்தமும் கொண்ட கட்டங்கள் அடங்கிய அட்டவணையில் அந்த விழுக்காடுகள் எழுதப்படுகின்றன. டியூனிங் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கட்டங்களைச் சரியான எண்களால் நிரப்புவதே.

எண்களைத் தொடுவதற்கு முன் இன்ஜெக்டர்களின் அளவைத் தீர்மானித்தாக வேண்டும். தொழிற்சாலையில் சுமார் 115 குதிரைத்திறன் தந்த எஞ்சினிலிருந்து 180 எதிர்பார்க்கப்படுவதாகக் கொள்வோம். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் தேவை என்ற நடைமுறைக் கணக்கின்படி மொத்தம் 49 கிலோகிராம் வரும். அதை நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்து, எதுவும் நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தால், ஒவ்வொன்றும் நிமிடத்திற்குச் சுமார் 350 மில்லிலிட்டர் பாய்ச்ச வேண்டும். பெரிய இன்ஜெக்டர் பாதுகாப்பானது என்றெண்ணி இதைவிட வெகுவாகக் கூட்டுபவர்கள் ஐடிலிங்கில் அவதிப்படுவார்கள். மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் உண்மையில் திறப்பதற்கு ஏறத்தாழ 1 மில்லிவினாடி வீணாகிறது, பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் அது மேலும் நீள்கிறது. பயனுள்ள திறப்பே 1 மில்லிவினாடியாகச் சுருங்கிவிட்ட நிலையில், இந்த வீண்நேரத்தைக் கணிப்பதில் 0.1 பிழைத்தாலும் பெட்ரோல் 10 விழுக்காடு மாறிவிடும்.

முழுமையாக எரிவதற்கு எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அழுத்தத்தின்கீழ் இயங்கும்போது இந்த விகிதத்தை 12க்கும் 11.5க்கும் இடையே வைத்து, மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தைச் சிலிண்டரைக் குளிர்விக்கப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண ஆக்சிஜன் சென்சார் 14.7ஐ ஒட்டி ஏறி இறங்குவதை மட்டுமே தெளிவாகச் சொல்லும் என்பதால், பரந்த வீச்சில் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இந்த வேலைக்கு இன்றியமையாதது. அதையும் கண்மூடி நம்ப முடியாது. தீப்பொறி தவறி ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், எரிபடாத ஆக்சிஜன் புகைக்குழாயில் வந்து சேர, சென்சார் பெட்ரோல் குறைவு என்று அறிவிக்கும். அதை நம்பி மேலும் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து தவறல் இன்னும் மோசமாகும். அழுத்தம் மிகுந்த காற்றில் பொறி தாவுவது கடினம் என்பதால் பிளக்கின் இடைவெளியைக் குறைப்பது முதலில் செய்ய வேண்டிய வேலை.

அட்டவணையை நிரப்பும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. அழுத்தமேறாத, மெதுவான ஓட்டத்துக்குரிய கட்டங்கள் முதலில் திருத்தப்படும்; அவற்றில் தெரியும் போக்கை வைத்து மேல்வரிசைகளுக்குச் சற்று மிகையான எண்களை இட்டு, சில விநாடிகள் மட்டும் த்ராட்டிலை அழுத்தி, பதிவான தரவைப் படித்து, பிறகு குறைத்துக்கொண்டு வருவார்கள். பெல்ட்டால் சுழலும் கருவி முழுத் த்ராட்டிலில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தைத் தருவதால், மேல்பகுதியில் பல கட்டங்களை எஞ்சின் ஒருபோதும் எட்டாது. அவற்றை வெறுமையாக விடாமல், பக்கத்துக் கட்டங்களின் போக்கிலேயே நிரப்புவது கவனமுள்ளவரின் பழக்கம். சிறிய புல்லி மாற்றிய நாளில் அவையே பயன்படப் போகின்றன.

பெட்ரோலைவிட ஆபத்தானது தீப்பொறியின் நேரம். மெலிந்த கலவை எஞ்சினைச் சற்றுப் பொறுத்துத்தான் கெடுக்கும் என்றாலும், நாக்கிங் பிஸ்டனைச் சில விநாடிகளில் உடைத்துவிடக்கூடும். பொறியிலிருந்து பரவும் சுடர் வந்தடைவதற்கு முன்பே, ஓரத்தில் நெருக்கப்பட்ட கலவை தானாகப் பற்றிக்கொள்வதே நாக்கிங். 78 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தச் சிலிண்டரில் அதன் அதிர்வு 7 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அமையும் என்பதால், மெக்கானிக்குகள் பலர் பிளாக்கில் மைக்ரோஃபோனைப் பொருத்தி ஹெட்ஃபோன் வழியே கேட்கிறார்கள். எம்எக்ஸ்-5இன் சுருக்க விகிதம் 9.4, சூப்பர்சார்ஜருக்கென வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்குரியதைவிட அதிகம். வெப்பம் இதை மேலும் கடுமையாக்குகிறது: 30 டிகிரி செல்சியஸ் காற்றை அரை பார் மிகையழுத்தத்துக்கு, 55 விழுக்காடு திறனோடு நெருக்கும் ரூட்ஸ் கருவியிலிருந்து காற்று 95 டிகிரிக்கு மேல் வெளிவரும். இன்டர்கூலர் இல்லாத பொருத்துதலில், மிகையழுத்தத்தின் ஒவ்வொரு 0.07 பாருக்கும் தீப்பொறியை ஒரு டிகிரி பின்தள்ளுவது தொடக்கத்துக்கு ஏற்ற எச்சரிக்கையான அளவு. கலிஃபோர்னியாவில் பிரீமியம் பெட்ரோலின் 91 என்ற எண், ஐரோப்பிய முறையில் ஏறத்தாழ 95 அல்லது 96க்கு நிகரானது; ஆகவே ஜெர்மனியில் 98 பெட்ரோலுக்கு எழுதப்பட்ட அட்டவணையை அப்படியே அங்கே ஏற்றுவது துணிச்சலில் சேராது. அம்மாநிலத்தில், காற்று வள வாரியத்தின் நிர்வாக ஆணை எண் பெற்ற உதிரிகளுக்கே சாலையில் ஓடும் வண்டிகளில் இடமுண்டு என்பதால், கராஜில் கட்டியவை பெரும்பாலும் பந்தயத் தடங்களோடு நின்றுவிடுகின்றன.

வலிமையை அளக்கும் டைனோ மேடையில் ஒரு நாளில் பெரும்பகுதி முடிந்துவிடும். மிச்சமிருப்பவை ஓட்டுபவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சில்லறைத் தொல்லைகள். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால், மேனிஃபோல்டின் உலோகத்தோடு சேர்ந்து சூடேறிய வெப்பநிலை சென்சார் உண்மையான காற்றைவிட அதிக வெப்பத்தைச் சொல்ல, கணினி பெட்ரோலைக் குறைத்து எஞ்சினைத் திணற வைக்கும். சென்சாரை உலோகத்திலிருந்து விலக்கி, காற்றோட்டம் படும் இடத்துக்கு மாற்றுவதே இதற்கு நேரான மருந்து. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பத் தேவையான கூடுதல் பெட்ரோலைத் திருத்துவதற்கோ அவசரம் உதவாது: எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருப்பது ஒரு நாளுக்கு ஒரே ஒரு முறை, காலையில்தான். முதல் கிளப்பில் எண் தவறிப்போனால் அடுத்த காலை வரை காத்திருக்க வேண்டும். கோடையில் எழுதிய எண்கள் குளிர்காலத்துக்குப் பொருந்துமா என்பதைக் குளிர்காலம் வந்த பிறகே பார்க்க முடியும்.