வேகத்துக்காக வாக்கு மாறலாமா?

வங்கிச் செயலியில் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று வந்த மறுகணமே சர்வரில் மின்சாரம் போனாலும் அந்தக் கணக்கு மாறக் கூடாது. தரவுத்தளம் நமக்குத் தரும் வாக்கு இது. இதைக் காப்பாற்ற, தகவல் வட்டில் பதிந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் தனித்தனியே வட்டுக்காகக் காத்திருந்தால் நொடிக்கு 120ஐத் தாண்டுவதே கடினம். அதற்காகக் காத்திருப்பதையே கைவிடுவது ஆபத்தான குறுக்குவழி. எழுதும் முறையைச் சீராக்கினாலே வேண்டிய வேகம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதற்கு நல்ல சான்று. அது தகவலை 8 கிலோபைட் பக்கங்களாகச் சேமிக்கிறது. ஒரே பரிவர்த்தனை வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் பல பக்கங்களை மாற்றக்கூடும். அவற்றையெல்லாம் உடனே தேடிப் போய் எழுதாமல், என்ன மாறியது என்ற குறிப்பை ஒரு பதிவேட்டின் கடைசியில் சேர்த்து, அது வட்டில் பதிந்ததை உறுதிசெய்கிறது. கடைக்காரர் வரவு செலவை அப்போதே குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பேரேட்டில் பிறகு ஏற்றுவதைப் போன்ற ஏற்பாடு இது. நடுவில் கணினி நின்றுபோனால் பதிவேட்டைப் படித்து விடுபட்டதைச் சரிசெய்துகொள்ளலாம். சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன், ஐபிஎம்மில் சகாக்களுடன் உருவாக்கி 1992இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ இத்தகைய மீட்பு முறைகளுக்கு இலக்கணமாகவே அமைந்தது. பதிவேட்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஐம்பது பேரின் பரிவர்த்தனைகள் ஒரே சமயத்தில் வந்தால், ஐம்பது குறிப்புகளையும் சேர்த்து ஒரே தடவையில் வட்டுக்கு அனுப்பலாம்.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகும் இது தேவையா என்று கேட்கலாம். தேவைதான். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியையே அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். சிதறலாகச் சிறிது சிறிதாக எழுதுவது அதற்கும் சுமைதான். எல்லாத் தகவலுக்கும் இவ்வளவு கெடுபிடி வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. ‘லைக்’ எண்ணிக்கைக்கு வேண்டாம். அதற்காகவே போஸ்ட்கிரெஸில், குறிப்பு வட்டில் பதியும்வரை காத்திருக்கும் ‘சிங்க்ரனஸ் கமிட்’ வசதியை நிறுத்திவைக்க வழி உண்டு. அப்படி நிறுத்தினாலும், மற்றவை வழக்கமான அமைப்பில் இருந்தால், கணினி நின்றுபோகும்போது கடைசி ஒரு நொடிக்கும் குறைவான பதிவுகள்தான் போகும், தரவுத்தளம் குலையாது. ஆனால், எழுதியது வட்டில் பதிந்ததை உறுதிசெய்யும் ‘எஃப்சிங்க்’கையே நிறுத்தினால் தரவுத்தளமே சிதையலாம். ‘எஃப்சிங்க்’ இயங்கும்போதும், வட்டில் எழுதுவது தோற்ற பிறகு மறுமுறை கேட்டால் லினக்ஸ் இயங்குதளம் ‘வெற்றி’ என்று சொல்லக்கூடும் என்பது 2018இல் பெரிய விவாதமானது. அதன் பின், அப்படித் தோற்றால் உடனே நின்று பதிவேட்டிலிருந்து மீளும்படி போஸ்ட்கிரெஸ் மாற்றப்பட்டது. தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்கள் வேகத்துக்காக ‘எஃப்சிங்க்’ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.