தாராவிப் பெண்ணுக்குச் சமூகப் பணி: பயிற்சி யார் தருகிறார்கள், சம்பளம் யார் தருகிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரைத் தாண்டி சீத்தா கேம்பிலும் உள்ள தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான்: நர்சிங்கா, பி.காம்.மா? மகள் “சோஷியல் ஒர்க் படிக்கிறேன்” என்றால், “அதெல்லாம் சும்மா சேவை, சம்பளம் வராது” என்று அப்பா முடித்துவிடுவார். அவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் வீணாகக் கட்டும் கட்டணம் மிச்சமாகும்.

இந்தியாவில் சமூகப் பணியைப் படிப்பாகக் கற்பித்த முதல் கல்விக்கூடம் பிறந்ததே மும்பையில்தான். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1926-இல் நாக்பாடாவில் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஒரு சமூக இல்லம் தொடங்கினார். அங்கேயே 1936-இல் சர் தோராப்ஜி டாடா பட்டதாரி சமூகப் பணிப் பள்ளி உருவானது. 1944-இல் அதன் பெயர் டாடா சமூக அறிவியல் கழகம், அதாவது எல்லோரும் சொல்லும் ‘டிஸ்’, என்று மாறியது. 1954-இல் செம்பூரை ஒட்டிய தேவனாருக்குக் குடிபெயர்ந்தது. 1955-இல் நிர்மலா நிகேதன் கல்லூரியும் வந்தது. தொடக்கத்திலிருந்தே பட்டதாரிகளை மனதில் வைத்து உருவான கல்வி இது. வெளியிலிருந்து படித்தவர் வந்து குடிசைப் பகுதியான பஸ்தியில் வேலை செய்வார் என்பதே அதன் கணக்கு. பஸ்தியிலேயே பிறந்தவருக்கு அதில் இடம் கிடைக்க வேண்டுமானால் முதலில் அவர் கல்லூரி வாசலை மிதித்திருக்க வேண்டும்.

மிதிக்காமலே இந்தத் தொழிலின் உச்சிக்குப் போன தமிழர் ஒருவர் உண்டு. கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பம்பாய்க்கு வந்து, தச்சு வேலை செய்து பிழைத்த ஜோக்கின் அற்புதம். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் குடியிருந்தவர். 1976-இல் அந்தக் காலனியை அகற்றி மக்களைச் சீத்தா கேம்புக்கு அனுப்பினார்கள். அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடிய அவர், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார். 1984-இல் தொடங்கிய ‘ஸ்பார்க்’ அமைப்போடும், நடைபாதைப் பெண்கள் சேர்ந்து அமைத்த ‘மகிளா மிலன்’ அமைப்போடும் கைகோத்தார். இவர்கள் கற்றுக்கொடுத்த பாடத்திட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? தங்கள் குடிசைகளைத் தாங்களே எண்ணுவது, ஒவ்வொரு கதவுக்கும் எண் போடுவது, வரைபடம் போடுவது, தினமும் சிறு தொகை சேர்த்துக் கணக்கு எழுதுவது, அந்தக் கணக்கோடு போய் அதிகாரியிடம் பேசுவது. இன்றைய சமூகத் திறன் பயிற்சிக் கையேடுகள் பல பக்கங்களில் சொல்வதன் சாரம் இதுதான். 2000-இல் மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018-இல் காலமானார். சமூகப் பணிச் சான்றிதழ் எதுவும் அவர் கையில் இருந்ததில்லை. அப்படியொருவர் இன்று வேலைக்கு மனுப் போட்டால் பெரிய தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் முதல் சுற்றைத் தாண்டுவாரா என்பது சந்தேகம்தான்.

பட்டதாரிக்கும் போராளிக்கும் நடுவே அரசு மூன்றாவதாக ஒரு வாசலைத் திறந்தது. அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்ணையே எடுத்து, சில வாரம் பயிற்சி கொடுத்து, அதே தெருவில் வேலை தருவது. 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் இதன் பெரிய வடிவம். நம்மவர்கள் ‘பால்வாடி’ என்று சொல்லும் அங்கன்வாடி இதன்கீழ் நடக்கிறது. 1988-இல் உலக வங்கிக் கடனோடு பம்பாய்க்கும் சென்னைக்கும் சேர்த்து ஒரு மக்கள்தொகைத் திட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய் மாநகராட்சி குடிசைப் பகுதிகளில் சுகாதார நிலையங்களை அமைத்து, வீடு வீடாகப் போகும் ஆரோக்கிய சேவிகாக்களைச் சேர்த்தது. 2005-இல் கிராமங்களுக்கு ‘ஆஷா’ என்ற சுகாதாரப் பணியாளர் வந்தார். 2013-இல் நகர்ப்புற சுகாதார இயக்கம் அவரை நகரத்துக்கும் கொண்டுவந்தது.

மூன்று வேலைகளுக்கும் பொதுவான தகுதி முகவரி. உள்ளூரில் குடியிருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கு இப்போதைய மத்திய விதிப்படி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 35 வரை வயதும் வேண்டும். ஆஷாவுக்குத் திருமணமானவர், கணவரை இழந்தவர், பிரிந்தவர் என்று முன்னுரிமை. வயது பொதுவாக 25 முதல் 45. பாந்த்ராவில் குடியிருக்கும், பி.ஏ. முடித்த பெண்ணுக்குத் தாராவி அங்கன்வாடியில் இடம் கிடையாது. அந்தச் சந்தில் வளர்ந்த பெண்ணுக்குக் கிடைக்கும். வேறு எந்த வேலையிலும் தாராவி முகவரி இவ்வளவு மதிப்பு பெறுவதில்லை.

பயிற்சி வேலையில் சேர்ந்த பிறகுதான் வரும். குழந்தையின் எடை, உயரம் பார்ப்பது, வளர்ச்சி அட்டையில் கோடு இழுப்பது, கர்ப்பிணியிடம் ஆபத்து அறிகுறிகளைக் கவனிப்பது, தடுப்பூசித் தேதி பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். 2023 மே மாதத்திலிருந்து ‘போஷண் பி, படாயி பி’ என்ற பெயரில் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகக் கற்பிக்கும் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. எழுதும் வேலையும் குறைவில்லை. 2021-இலிருந்து ‘போஷண் டிராக்கர்’ செயலியில் எல்லாவற்றையும் பதிய வேண்டும். சுவரில் சார்ட் ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதாது.

அப்பா சொன்ன பாதி இங்கேதான் வருகிறது. அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு வகுத்த மதிப்பூதியம் 2018 அக்டோபரிலிருந்து மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநில அரசுகள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. மகாராஷ்டிராவில் ஊதிய உயர்வு கேட்டு 2023 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் மறு மாதமும் நீடித்தது. ஆஷாவின் வருமானத்தில் பெரும்பகுதி, செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்ற கணக்கு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தொண்டர் என்று பெயர் வைத்தால் பொறுப்பு முடிந்துவிடாது என்று சட்டம் சொல்ல ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட பிறகு வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கப் போனவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தாராவியைப் பாராட்டிப் பேசியது. பாராட்டு வந்த வேகத்தில் சம்பளம் வரவில்லை.

சம்பளம் வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். ஆனால் எந்தச் சான்றிதழ்? தாராவி 90 அடி ரோட்டிலும் செம்பூர் ஸ்டேஷன் பக்கமும் ‘நர்சிங் கோர்ஸ், ஆறே மாதம்’ என்று யாராவது விளம்பரம் ஒட்டியிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை அங்கீகரிப்பது யார்? ஆறு மாதத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பே இரண்டு ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவு எடுத்தவரும் சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாநகராட்சி சுகாதார நிலையத்தில் ஆரோக்கிய சேவிகாவுக்கு மேலே இருக்கும் நிரந்தரப் பணிக்கு அதுதான் படிக்கட்டு.

குறுகிய காலப் படிப்புகள் எல்லாம் ஏமாற்று என்று சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, மருந்து வேளை தவறாமல் பார்ப்பது ஆகியவற்றுக்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்ற பயிற்சி இருக்கிறது. தேசியத் தொழிற்கல்வி, பயிற்சி கவுன்சிலின் தரவரிசையில் அதற்கு இடம் உண்டு. 2013-இல் அறிவித்த அந்தத் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் இப்போது எட்டுப் படிகள் கொண்டது. மாமியாருக்கு மூன்று வருடம் படுக்கையில் பணிவிடை செய்த பெண், முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் திட்டத்தில் தேர்வு எழுதியும் சான்று பெற வழி இருக்கிறது. முதியோர் பெருகிவரும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலும், இந்த வேலைக்கு ஆள் தேவை உண்மையானது.

மாற்றுத்திறனாளிகள் துறை தனிச் சட்டத்தின்கீழ் வருகிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாமல் மறுவாழ்வுப் பணியாளராகத் தொழில் செய்தால் ஓராண்டு சிறை வரை தண்டனை உண்டு. ஆகவே சிறப்புக் கல்வி டிப்ளமோ என்று யாராவது சொன்னால் கவுன்சிலின் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். தாராவியிலிருந்து பஸ் தூரத்தில், பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983-இலிருந்து இயங்குகிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் டிப்ளமோ கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனம் இது. இப்படி ஒரு தொழில் இருப்பதே நம் பள்ளிகளில் யாரும் சொல்வதில்லை.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்ற தொழிற்பயிற்சித் திட்டம் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் மூலவடிவமான சிரமிக் வித்யாபீடம் 1967-இல் முதலில் தொடங்கியதும் மும்பையில்தான். 15 முதல் 45 வயதுவரை சேரலாம்.

தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் ஒரு பாதை போகிறது. சயான் ஆஸ்பத்திரியில் குழந்தை நல மருத்துவராக இருந்த அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் அங்கே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியவர். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் குழந்தைகள் மெலிந்து போவதைப் பார்த்து, 1999-இல் ‘ஸ்நேஹா’ அமைப்பைத் தொடங்கினார். அது தாராவிப் பெண்களுக்கே ஊட்டச்சத்து பற்றியும் குடும்ப வன்முறையில் எப்படித் தலையிடுவது என்பது பற்றியும் பயிற்சி கொடுத்துத் தன்னார்வலர்களாக்கியது. அடிவாங்கிய பெண் காவல் நிலையத்தில் எந்த வரிசையில் என்ன சொல்ல வேண்டும், எந்த ஆவணத்தை எப்போது காட்ட வேண்டும் என்பதை வகுப்பறையில் படித்தவரைவிடப் பக்கத்து வீட்டுக்காரி வேகமாகக் கற்றுக்கொள்கிறார். நகரில் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் அமைப்பிலேயே சம்பள வேலைக்கு ஏறுவதும் உண்டு. ஏறிய பிறகு மேலே போக பி.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி இளங்கலைப் பட்டம் வேண்டும் என்ற சுவர் வரும். தொலைநிலையில் அந்தப் படிப்பை முடித்துக்கொள்வது நல்லது. வேலையிலிருந்து கிடைக்கும் அனுபவத்துக்கு அப்போதுதான் முழு விலை கிடைக்கும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. தாராவித் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் வெளியில் மராத்தி பேசுவார்கள், எழுதத் தயங்குவார்கள். பதிவேடு, அரசாணை, கூட்ட அறிக்கை எல்லாம் மராத்தியில்தான். அங்கன்வாடியில் தமிழ்க் குழந்தையிடம் தமிழ் பேசுவது பலம்; மேற்பார்வையாளருக்கு அறிக்கை எழுத முடியாதது பலவீனம். விடுமுறையில் ஒரு மாதம் மராத்தியில் எழுதப் பழகினால், பல டிப்ளமோக்களைவிட அதிகப் பயன் தரும்.

முகவரியே தகுதி என்று சொன்னோம். ஆனால் அந்த முகவரியே மாறலாம்: தாராவி மறுசீரமைப்பு நடந்துகொண்டிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு இடம். மாடியில் குடியிருக்கும் அங்கன்வாடிப் பணியாளர் வேறு பகுதிக்குப் போனால் அவருடைய பணியிடம் கூடவே போகுமா, அவர் எண்ணி வைத்த குழந்தைகள் எந்தப் பதிவேட்டில் இருப்பார்கள் என்பதை வேலைக்கு மனுப் போடும் பெண் இப்போதே வார்டு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.