துப்பாக்கி லைசென்ஸும் ராஜ்ய எல்லையும்

தரங்கம்பாடியையும் பொறையாற்றையும் கடந்து தெற்கே செல்லும் பிரயாணி, நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் காரைக்கால் பிரதேசத்தில் பிரவேசிக்கிறார். வயலின் பசுமையில் மாறுதல் இல்லை. மக்களின் பாஷையில் மாறுதல் இல்லை. இரு பக்கத்துப் பயிருக்கும் நீர் வார்ப்பவள் காவேரி அன்னையே. ஆயினும் சர்க்கார் மாறிவிடுகிறது. வாஞ்சூரைக் கடந்து நாகூரை அடைந்தால் பழைய சர்க்காரே மீண்டும் எதிர்ப்படுகிறது. இவ்வழியே ஒருவர் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியுடன் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த லைசென்ஸில் தமிழ்நாட்டின் எல்லை மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், பாலத்தின் வடகோடியில் யோக்கியராக நின்றவர் தென்கோடியில் குற்றவாளியாகிறார். இது நியாயமா? ஒரு ராஜ்யம் அளித்த லைசென்ஸை மற்ற ராஜ்யங்களும் ஏற்க வேண்டாமா?

இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. ஆயுத விஷயத்தில் நம் தேசத்தார் பட்ட அவமானம் சிறிதன்று. லிட்டன் பிரபுவின் காலத்தில் 1878-இல் பிறந்த ஆயுதச் சட்டம், இந்தியன் லைசென்ஸ் கேட்டு நிற்க வேண்டுமென்றும், ஐரோப்பியனுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லையென்றும் பேதம் செய்தது. 1887-இல் நம் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸிலேயே அச்சட்டத்தைத் திருத்த வேண்டுமென்ற குரல் எழுந்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே தீர்மானித்தது. ஆனால் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை வகுத்தபோது அவ்வுரிமை அதில் இடம்பெறவில்லை. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறவில்லை. எனவே, துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் உரிமையன்று; சமூகம் ஒருவரிடம் நம்பி ஒப்படைக்கும் ஒரு பொறுப்பு.

ஆயுதம் என்ற விஷயத்தை அரசியல் சட்டம் மத்திய சர்க்காரின் பட்டியலில் வைத்திருக்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தேசம் முழுமைக்கும் ஒன்றுதான். சட்டம் ஒன்றாயிருக்க, லைசென்ஸுக்கு மட்டும் எல்லைக் கோடு ஏன் என்று கேட்போர் உண்டு. மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் நாடெங்கும் செல்லுபடியாகவில்லையா என்பது அவர்களுடைய வாதம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்தத் துப்பாக்கியுடன் வெளி ராஜ்யத்தில் காவல் வேலை தேடிப் பிழைக்கும் ஏழை சிப்பாயின் கஷ்டத்தையும் அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்தக் கஷ்டம் உண்மையானது. மோட்டார் உவமைதான் பொருந்தவில்லை. வண்டி ஓட்டும் திறமை மனிதனுடன் கூடவே போகும். துப்பாக்கி லைசென்ஸ் சோதிப்பதோ திறமையை மட்டுமன்று. மனிதனுடைய நடத்தையையும் தேவையையும் அது சோதிக்கிறது. நடத்தையை அறிந்தவர்கள் அவனுடைய ஊரார். தேவையும் அவ்வூரில்தான் இருக்கிறது. அதனாலேயே உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தின் அறிக்கையைப் பெற்று விசாரிக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது.

அந்த விசாரணை பழுதுபட்டால் என்னாகும்? 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரத்தில் 2,78,000-க்கு மேற்பட்ட லைசென்ஸ்கள் தகுதியில்லாதவர்களுக்கு வழங்கப்பட்டன என்ற குற்றச்சாட்டை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு கோடியில் ஓர் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டால், மறு கோடியில் உள்ள கும்பகோணத்தான் அதை ஏன் மதிக்க வேண்டும்?

அமெரிக்காவிலும் இதே சச்சரவு நடந்து வருகிறது. ஆயுதம் தரிப்பதை உரிமையாகவே எழுதி வைத்துக்கொண்ட தேசம் அது. மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு ஒரு ராஜ்யம் தரும் அனுமதியை மற்ற ராஜ்யங்களும் ஏற்க வேண்டுமென்ற மசோதா 2017 டிசம்பரில் அங்கே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையில் நிறைவேறவில்லை. கடுமையான விதியுள்ள ராஜ்யத்தின் மீது தளர்ந்த விதியுள்ள ராஜ்யத்தின் முடிவைச் சுமத்துவதாகும் என்பதே எதிர்ப்பாளர்களின் பிரதான ஆட்சேபம். உரிமை உள்ள இடத்திலேயே இவ்வளவு தயக்கமென்றால், உரிமையில்லாத நாம் அவசரப்படுவானேன்?

நமது ஜில்லாவுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவருக்கும் லைசென்ஸ் மறுக்கலாகாது என்று 1959-ஆம் வருஷத்துச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஏட்டில் இப்படி இருக்க, 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, அன்று தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியில் நடந்தது என்ன? கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளரின் சேரியைத் தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெண்டிரும் பிள்ளைகளுமாக, தீயில் மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்களைச் சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்தது. அந்தத் துப்பாக்கிகளின் தஸ்தாவேஜு எப்படியிருந்ததோ அதைப்பற்றி நாம் பேசவில்லை. துப்பாக்கி ஒரு பக்கத்தாரிடமும் குடிசை மறுபக்கத்தாரிடமும் இருந்தன என்பதைத்தான் மறக்க மாட்டோம். லைசென்ஸ் விஷயத்தை ஆராய்வோர், துப்பாக்கியைத் தாங்கிச் செல்பவரின் சௌகரியத்தை மட்டும் கேட்டால் போதாது. அதன் முன்னே நிற்பவரின் பயத்தையும் கேட்க வேண்டும்.

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். லைசென்ஸ்கள் எல்லை கடக்கலாம். ஆனால் விசாரணை முதலில் எல்லை கடக்க வேண்டும். தேசிய லைசென்ஸ் பதிவேடும், ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி எண்ணும் ஏற்பட்டுவிட்டன. அப்பதிவேட்டில் விசாரணையின் சாரமும் காணக் கிடைக்கட்டும். சில நாள் மட்டுமே தங்க வருபவரும் அவ்விடத்துப் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கியைப் பற்றி அறிவிக்கட்டும். அவரை ஏற்க இயலாதென்று கருதும் கலெக்டர், காரணத்தை எழுத்தில் கொடுத்து மறுக்கட்டும். அம்மறுப்பின்மேல் அப்பீலும் இருக்கட்டும். இவை அமைந்தால் யோக்கியமான சிப்பாய்க்கும் கஷ்டமில்லை, ஊராருக்கும் பயமில்லை.

அதுவரையில் நண்டலாற்றுப் பாலத்தில் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்பது ஐக்கியத்துக்கு விரோதமன்று. காவேரி எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் அந்த எல்லையைக் கடக்கிறாள். அவள் கொண்டு போவது நீர். துப்பாக்கி கொண்டு போவது வேறு என்பதை நம் சட்டசபையினர் நினைவில் வைப்பார்களாக.