ஒரு கிலோ செயற்கைக்கோளின் மதிப்பு

இலங்கையின் முதல் செயற்கைக்கோளான ‘ராவணா-1’, 2019 ஜூன் 17 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் இலங்கைப் பொறியாளர்கள் அதனை உருவாக்கினர். நேபாளத்தின் முதல் செயற்கைக்கோளும் அதே திட்டத்தில் உருவானதே.

இச்சிறு கருவியால் என்ன பயன்? தாம்பரத்தை அடுத்த காட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 10.9 கிலோ ‘எஸ்ஆர்எம்சாட்’, 2011 அக்டோபர் 12 அன்று பிஎஸ்எல்வி-சி18 மூலம் ஏவப்பட்டபோதும் இக்கேள்வி பொருந்தியது. கோளின் ஆயுள் குறுகியது. அதை வடிவமைத்தவரின் திறனே முதலீட்டின் உண்மையான பலன். இங்கே அத்திறனுக்கு இஸ்ரோ என்னும் களம் உண்டு. சிறிய நாட்டில் அடுத்த திட்டமும் வேலையும் இல்லையெனில், அத்திறன் கடல் கடந்துவிடும். ஆகவே, முதல் கோளைவிட இரண்டாவது கோளே முக்கியமானது.