அடுக்களைக் கணக்கு – 11: நுரை கூடும் நேரம்

போன வாரம் வற்றல் குழம்பு. சுண்டச் சுண்டத்தான் அதற்கு ருசி, முதல் நாளைவிட மறுநாள் மேல் என்று எழுதியிருந்தேன். இந்த வாரம் அதற்கு நேர் எதிரி. அடுப்பில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றாலே கெட்டுப்போகிற ஒன்று: ரசம். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வைணவர் வீடுகளில் சாத்தமுது என்பார்கள். பேர்தான் வேறு, பயம் ஒன்றுதான்.

நான் சமைக்கக் கற்றுக்கொண்டது மந்தைவெளியில், பெரியம்மா வீட்டில். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நீளமான நடை. பெரியம்மா கூடத்தில் கொடியில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். நான் அடுப்பருகே பெருமையாக நிற்பேன், வீடெல்லாம் ரசம் மணக்கிறதே என்று. அங்கிருந்தே குரல் வரும்: “கொதிச்சுடுத்து, போ.” எப்படித் தெரிந்தது என்று ஒருநாள் கேட்டேன். “எனக்கு இங்கே வாசனை வரதுன்னா, அங்கே ஈயச்சொம்புல என்னடி மிச்சம் இருக்கும்?” என்றாள்.

பள்ளிக்கூட வேதியியலில் நான் கற்றதைவிட இந்த ஒரு வரியில் கற்றது அதிகம். மிளகில் இரண்டு சரக்கு இருக்கிறது. காரத்தைத் தருவது பைப்பரின். அது லேசில் ஆவியாகாது. மணத்தைத் தருவது எண்ணெய்ப் பொருட்கள். அவை சூடு ஏற ஏறக் கிளம்பிவிடும். சீரகத்தின் மணமும் பெருங்காயத்தின் மணமும் அதே ஜாதி. அதனால் கொதித்துப்போன ரசத்தில் காரம் அப்படியே இருக்கும், நாக்கைச் சுடும். மணம் மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தெருவெல்லாம் மணக்க ரசம் வைத்தாள் என்று யாரையாவது புகழ்ந்தால் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும்.

அதற்காகக் கொதிக்கவே விடக்கூடாது என்றில்லை. ரசத்துக்கு இரண்டு காலம் உண்டு. முதல் காலத்தில் புளித்தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள், கொஞ்சம் பெருங்காயம். இது தாராளமாகக் கொதிக்கலாம். பச்சை வாசனை போகும்வரை கொதித்தே ஆகவேண்டும். பொடியும் சேர்ந்து ஒரு கொதி வந்தபின் பருப்புத் தண்ணீரை விட்டு விளாவினால் இரண்டாம் காலம் ஆரம்பம். இனி நகரக்கூடாது. விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும், அது நடுவை நோக்கி வரும், மேற்பரப்பு முழுக்க நுரை கூடி ஒரு மூச்சு இழுத்தாற்போல மேலே எழும்பும். அந்தக் கணம் இறக்க வேண்டும். கொத்தமல்லியும் நெய்யில் கடுகு, சீரகம் தாளிப்பதும் அதற்குப் பிறகுதான். நுரையைப் பிடித்து நிறுத்துவது பருப்பிலிருந்து வந்த புரதம். அந்த நுரைக்குக் கீழேதான் மணம் தங்குகிறது. கொதி வந்து நுரை உடைந்தால் மூடியைத் திறந்துவிட்ட மாதிரி.

இதே மதராஸில் ஒரு வெள்ளைக்காரர் ரசத்தை உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கர்னல் ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878-இல் இங்கே வெளியிட்ட சமையல் புத்தகத்தில், மதராஸ் சமையல்காரருக்கு முத்துசாமி என்று பேர் கொடுத்து அவர் செய்முறையைச் சொல்கிறார். புளி, ஆறு மிளகாய், ஆறு பல் பூண்டு, கடுகு, துளி வெந்தயம், பன்னிரண்டு மிளகு, உப்பு, ஆறு கறிவேப்பிலை எல்லாவற்றையும் சேர்த்து விழுதாக்கி, ஒரு பைண்ட் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இரண்டு சின்ன வெங்காயத்தை நெய்யில் சிவக்க வதக்கி, இதை அதில் வடிகட்டி ஊற்றி இன்னும் ஐந்து நிமிஷம். கர்னல் மரியாதைக்குரியவர். மிளகு, தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களிலிருந்துதான் ‘மல்லிகட்டானி’ வந்தது என்பதையும், ஊர்க்காரர்கள் குடிப்பது எளிய மிளகுத் தண்ணீர்தான் என்பதையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் கால் மணி நேரமா? பெரியம்மா கேட்டிருந்தால் புத்தகத்தை மூடியிருப்பாள்.

அப்புறம் யோசித்தபோது ஒன்று பட்டது. அந்தச் செய்முறையில் பருப்பு இல்லை. பருப்பு இல்லாவிட்டால் நிற்கிற நுரை இல்லை. நுரை இல்லாதவருக்குக் கடிகாரத்தைத் தவிர எதைப் பார்த்து இறக்குவது என்று தெரியாது. கர்னலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அவருக்கு முன்பே இந்தத் தண்ணீர் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. 1784-ஐச் சேர்ந்த ஒரு பாட்டு இருக்கிறது, ஹைதர் அலியின் கைதியாக இருந்த கடற்படைக்காரர் ஒருவர் பாடியது. பெங்களூர் சிறையில் சாப்பாடு என்றால் மிளகுத் தண்ணீர், இல்லாவிட்டால் கஞ்சி என்று அழுகிறார். நமக்குக் காய்ச்சல் வந்தால் ஆசையாகக் கேட்டு வாங்குகிற இரண்டும் அவருக்குத் தண்டனை! 1886-இல் வந்த யூல், பர்னெல் அகராதியில் இன்னொரு வேடிக்கை. மதராஸ் ராஜதானியின் ஆங்கிலேய அதிகாரிகளுக்குச் சக அதிகாரிகள் வைத்த பட்டப்பெயர் ‘மல்’. மல்லிகட்டானியின் சுருக்கம்தான். பம்பாய்க்காரர்கள் அங்கே கிடைக்கும் மீனை வைத்து ‘டக்’. நம் ரசத்தின் பெயரில் ஒரு கூட்டமே ராஜ்யம் நடத்தியிருக்கிறது.

பிறகு அவர்கள் அதில் இறைச்சிச் சாற்றை ஊற்றி, கறிப்பொடி தூவி, மாவு கரைத்துக் கெட்டியாக்கி சூப் என்றார்கள். கெட்டியானதும் அது ரசம் இல்லை. தனியாக ஒரு நல்ல பண்டம், அவ்வளவுதான். ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் மட்டும் ‘பெப்பர் வாட்டர்’ என்று பழைய தெளிவோடு இன்னும் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். சீமையில் மல்லிகட்டானியைத் தகர டப்பாவில் அடைத்து விற்றார்கள். அந்த டப்பாவுக்கு உள்பூச்சு வெள்ளீயம். சுற்றிச் சுற்றி ரசம் ஈயத்துக்கே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஈயச்சொம்பு பற்றிச் சொல்லாமல் இந்த வாரத்தை முடித்தால் மாட வீதிப் பாத்திரக்கடைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் அமுதும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. வெள்ளீயம் சமைக்கிற உலோகம். காரீயம் நஞ்சு, புளியின் அமிலத்தில் கரைந்து உள்ளே போகும். கடையில் முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். காரீயம் வெள்ளீயத்தைப்போல் ஒன்றரை மடங்கு கனம். அளவுக்கு மீறிக் கனத்தால் சந்தேகம் வரவேண்டும். காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுவது காரீயம். வெள்ளீயத் துண்டை வளைத்தால் மெலிதாக நெரியும் சத்தம் கேட்கும். கலப்படம் கொஞ்சமாக இருந்தால் இதெல்லாம் காட்டிக்கொடுக்காது, அதற்கு ஆய்வுக்கூடம்தான். தெரிந்த கடையில் வாங்குங்கள் என்று பெரியவர்கள் சொன்னது அதனால்தான்.

வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். காஸ் அடுப்பின் தீக்கு அது தூசு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் நூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும், பிழைக்கும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினால் போச்சு. திருமணமான முதல் வருஷம் பெரியம்மா கொடுத்த சொம்பை அப்படித்தான் பர்னரின் மேல் வெள்ளிக் குளமாக்கினேன். மயிலாப்பூரில் இந்தக் கதை இல்லாத வீடு அபூர்வம். பெரியம்மா திட்டவில்லை. “முதல் சொம்பு எல்லாருக்கும் உருகும்” என்று இரண்டாவதை வாங்க என்னோடு வடக்கு மாட வீதிக்கு நடந்தாள்.

கையைப் பிடித்துச் சொல்லித்தர ஒரு பெரியம்மா இல்லாதவர்களுக்குத்தான் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ எழுதினார். சிறு வயதிலேயே கணவரை இழந்து, குடும்பத்தைத் தாங்கிய மதராஸ் பெண்மணி. உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், மியூசிக் அகாடமித் தலைவராக இருந்தவர், தூண்டியதால் எழுதினார். கிலோவும் லிட்டரும் வருவதற்கு முந்தைய காலம். பலம், ஆழாக்கு என்றுதான் கணக்கு. டெல்லிக்கும் பம்பாய்க்கும் குடித்தனம் போன பெண்களின் பெட்டியில் புடவைக்கு அடியில் அந்தப் புத்தகம் போயிற்று. தலைப்பை ஆங்கிலத்தில் ‘குக் அண்ட் ஸீ’ என்று வைத்தார்கள். முயன்று பார் என்பதுதான் தமிழில் பொருள், மொழிபெயர்ப்பு நேர்வழியில் போய்விட்டது என்று சிரிப்பவர்கள் உண்டு. ரசம் வைக்கிறவளுக்கு இரண்டும் சரி. புளி இத்தனை, பொடி இத்தனை என்பதைத் தாள் சொல்லும்; நுரையைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

வகைகளை அடுக்க ஆரம்பித்தால் இடம் போதாது. எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஜுரம் விட்டபின் உடம்பை முறித்துப்போட்டாற்போல வலிக்குமே, அப்போது கண்டந்திப்பிலி ரசம். திப்பிலிக் கொடியின் வேரும் தண்டும்தான் கண்டந்திப்பிலி. கச்சேரி சாலை டப்பா செட்டிக் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். நெய்யில் வறுத்து மிளகு, சீரகம், துவரம்பருப்போடு அரைத்து விடவேண்டும். அரைப்பதற்கு முன் நன்றாக நசுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸி அழும். கசப்பா, காரமா என்று நாக்கு தீர்மானிப்பதற்குள் தொண்டை இளகிவிடும்.

என் மகள் அடையாறில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் கால் மணி. அவளுடையது இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சுடும், ஈயத்தை அது மதிக்காது. எவர்சில்வரில் வைத்துவிட்டு ஈயச்சொம்பில் மாற்றிக்கொள்கிறாள், திருப்திக்கு. போன வாரம் வீடியோவில் கூப்பிட்டு போனைப் பாத்திரத்துக்கு மேலேயே பிடித்தாள்.

“அம்மா, பாரேன். நுரை வந்துடுத்தா?”

கண்ணாடியில் ஆவி படிந்து ஒரே வெள்ளை. நுரையா, ஆவியா தெரியவில்லை.

“அங்கே வாசனை வரதா?”

“இன்னும் வரலை.”

“அப்போ இறக்கிடு” என்றேன்.

(தொடரும்)