சாளர முறைமையும் நிகழ்வொழுங்கும்

கணினித் திரையிற் சாளரங்களைத் தோற்றுவிக்கும் எக்ஸ் சாளர முறைமை, 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிலையத்தில் உருவாயது. அதன் பதினோராம் வடிவம் 1987இல் வெளிவந்தது. இதன்கண் திரை, விசைப்பலகை, சுட்டி என்பவற்றை ஆள்வது சேவையகம். அதனிடம் வேண்டுகை விடுப்பது செய்நிரல். இரண்டும் வெவ்வேறு கணினிகளில் இருத்தலுங் கூடும்.

ஒவ்வொரு வேண்டுகையின் முடிவையும் எதிர்நோக்கிக் காத்திருப்பின் வேலை மந்தமாகும். ஆதலின் செய்நிரல் வேண்டுகைகளைத் தொடர்ந்து விடுக்கின்றது. அங்ஙனமாயின் குழப்பம் நேராதோ எனின், நேராமைக்கு இரு விதிகள் காவலாயுள்ளன. ஒரு தொடர்பின் வழி வரும் வேண்டுகைகள் வந்த முறையிலேயே நிறைவேற்றப்படும் என்பது ஒன்று. ஒரு வேண்டுகையால் அச்செய்நிரலுக்கு எழும் நிகழ்வுகள் யாவும் அதன் மறுமொழிக்கு முன்னரே அனுப்பப்படும் என்பது மற்றையது. ஆகவே மறுமொழி தரும் வேண்டுகை ஒன்றை விடுத்து, அம்மறுமொழியைப் பெற்றால், அதற்கு முன் விடுத்தன யாவும் முடிந்தன என்பது தெளிவு.

எனினும் இரு செய்நிரல்களுக்கிடையே இவ்வுறுதி இல்லை. ஒரு செய்நிரல் தன் சாளரத்தின் அளவைக் கேட்டறிந்து படம் வரைய முற்படுமுன், சாளர மேலாளர் அதனைச் சுருக்கிவிடலாம். சேவையகத்தைச் சிறிதுபொழுது தன்வயப்படுத்தும் வேண்டுகையும் உண்டு. ஆயின் அப்பொழுது ஏனைய செய்நிரல்கள் யாவும் காத்துக்கிடக்கும்.

ஒரே கணினியிற் செவ்வனே இயங்கிய செய்நிரல் தொலைவலையிற் பிழைபடுவதற்கு, இவ்வெல்லையை மறத்தலும் ஒரு காரணமாம். ஒழுங்கு எதுவரை உறுதி என்பதை மாணாக்கர் முதலில் அறிதல் வேண்டும்.